கர்ப்பப்பை ஆபரேஷன்: ஒரு தையல்காரியின் ரெவ்யூ

போன வாரம் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொண்டுவந்த ஒரு பெண், பையைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அக்கா, நீங்க எங்க பண்ணீங்க? எவ்வளவு ஆச்சு?" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஆபரேஷன் முடிந்து ஏழு மாதமாகிறது. இந்தக் கேள்வியோடு வந்த பதினோராவது ஆள் அவர். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஜாக்கெட் வெட்டிவிடலாம். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் பதினெட்டு வருடமாக ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். வயது 46. இரண்டு பிள்ளைகள். ஆபரேஷன் செய்துகொண்டது மதுரையில், பெரிதும் இல்லாத சிறிதும் இல்லாத ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன். குறையை எழுதிப் பெயரையும் போட்டுவிட்டு, அடுத்த செக்கப்புக்குப் போய் அதே நர்ஸிடம் ஊசிக்குக் கையை நீட்டும் தைரியம் எனக்கில்லை.

முதலில் என் நிலைமை. மூன்று வருடமாக மாதவிடாய் வந்தால் எட்டு நாள், பத்து நாள் நிற்காது. முதல் மூன்று நாள் ஈரல் துண்டு மாதிரி கட்டி கட்டியாகப் போகும். மெஷின் ஸ்டூலில் ரெக்சின் போட்டு, அதன் மேல் பழைய துண்டு போட்டு உட்கார்ந்தேன். வெளிர் நிறப் பாவாடை கட்டுவதையே விட்டுவிட்டேன். எங்கள் அத்தை இதைப் 'பெரும்பாடு' என்பார். அந்தக் காலத்து வார்த்தை, ஆனால் சரியான வார்த்தை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. துணியில் கோடு போடுகிற சாக் கட்டியைத் தின்ன ஆரம்பித்திருந்தேன். முதலில் சும்மா ஓரத்தைக் கடித்தேன். அப்புறம் நாளுக்கு ஒன்று. மகள் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்து, "அம்மா, என்ன பண்ற நீ?" என்று கத்தினாள். பச்சரிசி, சாம்பல், சாக் கட்டி, ஐஸ் என்று இப்படி எதையாவது தின்னத் தோன்றுவது ரத்தம் குறைந்ததற்கு அடையாளம் என்று பிறகு தெரிந்தது. பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

இனி முதலில் போன இடம். ஊருக்குள்ளேயே ஒரு நர்ஸிங் ஹோம். இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன், உள்ளே இருந்தது ஐந்து நிமிடம். ஸ்கேனில் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பை பன்னிரண்டு வாரக் கர்ப்பம் அளவுக்கு வீங்கியிருக்கிறது என்றார்கள். "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனிமே எதுக்கும்மா அந்தப் பை? விட்டு வச்சா கேன்சராயிடும். வியாழக்கிழமை வந்துடுங்க, சினைப்பையையும் சேர்த்து எடுத்துடலாம்." அவ்வளவுதான் பேச்சு. வெளியே கவுன்ட்டரில் பேக்கேஜ் 55,000 என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கேன்சர் என்ற சொல் காதில் விழுந்த பிறகு வேறெதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து நகையைத்தான் எண்ணினேன்.

என்னைத் தடுத்தது ஒரு வாடிக்கையாளர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேலைக்கு வெள்ளை ஜாக்கெட்டே தைத்துத் தைத்து அலுத்துப்போய், இப்போது மயில்கழுத்துப் பச்சையாகப் பார்த்துத் தைக்கக் கொடுக்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கேன்சர்னு சொன்னாங்களே, சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்களா?" இல்லை. "அப்ப எதை வச்சுச் சொன்னாங்க?"

அந்த வியாழக்கிழமை நான் போகவில்லை.

மதுரை டாக்டர் ஐம்பது வயதுக்காரப் பெண்மணி. முதல் தடவை இருபது நிமிடம் பேசினார். மருந்துச்சீட்டின் பின்பக்கம் கர்ப்பப்பையைப் படமாக வரைந்தார். பேரிக்காயைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. கட்டிகள் எங்கே இருக்கின்றன என்று மூன்று வட்டம் போட்டார். இந்த நார்க்கட்டிகள் புற்றுநோய் ஆவது மிக அபூர்வம், ஆனால் என் வயதில் இவ்வளவு ரத்தம் போனால் உள் சவ்வைப் பரிசோதிக்காமல் எதுவும் முடிவெடுக்கக் கூடாது என்றார். மெல்லிய குழாயை உள்ளே விட்டு ஓ.பி.யிலேயே கொஞ்சம் சதை எடுத்தார்கள். அரை நிமிடம்தான், ஆனால் பிரசவ வலியின் தங்கச்சி அது. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தார்கள் என்பதால் மன்னிக்கிறேன். எட்டு நாளில் ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை. அந்த எட்டு நாளில் நான் கெடுத்த ஜாக்கெட்டுகள் நான்கு.

அதற்குப் பிறகும் அவர் கத்தியை எடுக்கவில்லை. எனக்கு முன்னால் என்னென்ன வழி இருக்கிறது என்று எண்ணிச் சொன்னார். ரத்தப்போக்கு அதிகமான நாட்களில் மட்டும் போடுகிற மாத்திரை. ஹார்மோன் மாத்திரை. காப்பர்-டி மாதிரியே கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம், அதற்கு மிரினா என்று பேர், வருடக்கணக்கில் வேலை செய்யும். கட்டியை மட்டும் எடுப்பது. அல்லது பொறுத்திருப்பது. மாதவிடாய் நின்றுவிட்டால் கட்டி தானாகவே சுருங்கிவிடும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பையை எடுப்பது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒருத்தர் வியாழக்கிழமையே எடுக்கிறேன் என்கிறார், இவர் ஆறு வழி சொல்லி என்னையே யோசிக்கச் சொல்கிறாரே என்று.

இரும்புச்சத்து ட்ரிப்ஸ் ஐந்து தடவை ஏற்றினார்கள். கையைக் கைக்குழந்தை மாதிரி அசைக்காமல் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது ட்ரிப்ஸுக்குப் பிறகு சாக் கட்டி ஆசை போய்விட்டது. மாத்திரைகள் நான்கு மாதம் கேட்டன, பிறகு கேட்கவில்லை. மிரினா வைத்தோம். ஐந்தாவது மாதம், மெஷினில் உட்கார்ந்திருந்தபோது, ரத்தப்போக்கோடு அதுவும் வெளியே வந்து விழுந்தது. காசு போனதே என்றுதான் முதலில் அழுதேன். பெரிய கட்டி உள்ளவர்களுக்கு அப்படி நடப்பதுண்டு என்று வைக்கும்போதே சொல்லியிருந்தார். என் அண்டைவீட்டுக்காரிக்கு அதே சாதனம் நாலு வருடமாக ஜம்மென்று இருக்கிறது. ஆபரேஷனே வேண்டியிருக்கவில்லை. ஆகவே எனக்கு நடந்ததை வைத்து அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

பதினான்கு மாதம் எல்லாம் முயன்ற பிறகு, "டாக்டர், எடுத்துருங்க" என்று சொன்னது நான். இந்த ரெவ்யூவில் நான் முதலில் ஐந்துக்கு ஐந்து கொடுப்பது இந்த விஷயத்துக்குத்தான். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வரும்வரை அவர் காத்திருந்தார்.

சினைப்பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு என்பதே என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கர்ப்பப்பை போனால் மாதவிடாய் நிற்கும், இனிப் பிள்ளை பெற முடியாது, அவ்வளவுதான். ஹார்மோன் சுரப்பது சினைப்பையில். அதையும் சேர்த்து எடுத்தால், மற்றவர்களுக்கு ஐந்தாறு வருடமாக மெல்ல இறங்குகிற படிக்கட்டு, நமக்கு ஒரே நாளில் மொட்டைமாடியிலிருந்து குதிக்கிற மாதிரி ஆகிவிடும். உடம்பு தகிக்கும், தூக்கம் வராது, எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை. என் சினைப்பைகள் இரண்டும் நன்றாக இருந்தன. அதனால் அவற்றை விட்டுவிடலாம், கருக்குழாய்களை மட்டும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் ஒரு வகை அந்தக் குழாயில்தான் தொடங்குகிறதாம். கர்ப்பப்பை வாயும் சேர்ந்தே போகும் என்றும் சொன்னார்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமம். நூறு நாள் வேலைக்கும் தோட்டக் கூலிக்கும் போகிறவள். முப்பத்தொரு வயதில் வெள்ளைப்படுதலுக்குப் போய், கர்ப்பப்பை, சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டு வந்தவள். என்னிடம் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வந்தபோது வயது முப்பத்து நான்குதான். அளவெடுக்கையில் முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது, அது மார்கழி மாதம். "எலும்புக்குள்ள யாரோ ஊசி குத்துற மாதிரி இருக்குக்கா" என்றாள். எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டேன். "புண்ணு இருக்குன்னாங்க, நகையை அடகு வச்சுப் பண்ணினோம்." எத்தனை பையை எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டை என் மகள்தான் படித்துச் சொன்னாள்.

மகள் அன்றைக்கு ராத்திரி மொபைலை வைத்துக்கொண்டு நிறையப் படித்தாள். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019இல் ஒரு குழு கணக்கெடுத்ததாம். 82,000 சொச்சம் பெண்களில் 13,000க்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. மாதவிடாய் வந்தால் வேலைக்கு லீவு, லீவு போட்டால் அபராதம். தேசியக் குடும்பநல ஆய்வில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறதா என்ற கேள்வியையே 2015-16இல்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிக அதிகம். மூன்றில் இரண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தவை. தேவையில்லாமல் எடுப்பதைக் கண்காணிக்கும் வழிமுறைகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. "இதையெல்லாம் ஏம்மா யாருமே சொல்றதில்ல?" என்றாள். அந்தக் கிராமத்துப் பெண்ணுக்கு ஜாக்கெட்டை இரண்டு இஞ்ச் விட்டுத் தைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதைவிட என்ன செய்வதென்று தெரியவில்லை.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

முந்தின நாள் மத்தியானமே அட்மிஷன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சின்ன நர்ஸ் வந்து, மூன்று பக்கப் படிவத்தில் பென்சிலால் டிக் போட்டு, "இங்க, இங்க, இங்க கையெழுத்துப் போடுங்கக்கா" என்றாள். முழுக்க ஆங்கிலம். நான் பிளஸ் டூ. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ஆனால் மருத்துவ ஆங்கிலம் யாருக்குப் புரியும்? மகளிடம் கொடுத்தேன். அவள் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். அச்சடித்த வரியிலேயே கர்ப்பப்பையோடு 'பைலேட்டரல் சால்பிங்கோ ஊஃபோரெக்டமி' என்று இருந்தது. அதாவது இரண்டு பக்கமும் குழாய், சினைப்பை, எல்லாம். டாக்டர் விடலாம் என்று சொன்னதைப் படிவம் எடுக்கலாம் என்கிறது. "இது பொதுவான ஃபார்ம்க்கா, எல்லாருக்கும் இதான்" என்றாள் நர்ஸ். அவள் மேல் தப்பில்லை, அவளிடம் கொடுத்ததை அவள் நீட்டுகிறாள். நான் கையெழுத்துப் போடவில்லை. டாக்டருக்குப் போன் போட வைத்தேன். அவர் ராத்திரி ரவுண்ட்ஸில் வந்து, அந்த வார்த்தையைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, "நல்ல வேளை படிச்சீங்க" என்றார். அவ்வளவு நல்ல டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில் இந்தப் படிவம் ஏன் இருக்கிறது என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இந்தப் பகுதிக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் டாக்டரின் பேனாவுக்கு.

அதோடு முடியவில்லை. "சார் கையெழுத்தும் வேணும்." எங்க வீட்டுக்காரர் டாடா ஏஸ் ஓட்டுகிறார். அன்றைக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் லோடில் மாட்டிக்கொண்டார். அவர் வரும்வரை என் ஃபைல் நர்ஸ் மேசையிலேயே கிடந்தது. தியேட்டருக்குப் பெயர் அனுப்பமாட்டோம் என்றார்கள். பத்தரை மணிக்குச் சட்டையெல்லாம் கீரைக்கறையோடு வந்து கையெழுத்துப் போட்டார். "எனக்கா ஆபரேஷன்?" என்று வேறு கேட்டார். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணுக்கு அவள் சம்மதம்தான் சம்மதம். புருஷன் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் கிடையாது. டெல்லியில் ஒரு பெண் சும்மா உள்ளே பார்க்கிற பரிசோதனைக்கு மயக்கத்தில் இருந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லிவிட்டது, அம்மாவின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்று. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் சண்டை போட்டிருப்பேனா என்றால், மாட்டேன். எனிமா கொடுத்து இரண்டாவது தடவை பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

காலையில் மெட்டி கழலவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டு ஒரு ஆயாம்மா உருவினார். தாலியைக் கழற்றி அத்தையின் கையில் கொடுத்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்து, ஆபரேஷன் முடியும்வரை அந்த முடிச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாராம். தியேட்டரில் குளிர். மயக்க மருந்து டாக்டர், "என்ன தொழில்மா பண்றீங்க?" என்று கேட்டார். "தையல்" என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று தெரியாது.

கண் விழித்தபோது தொண்டை வறண்டு, பல் கிட்டியது. வயிற்றில் வலி இருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. பயமுறுத்தியது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு வலது தோள்பட்டையில் கத்தி செருகின மாதிரி ஒரு வலி. மூச்சை இழுத்தால் கூடுகிறது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்துவிட்டேன். பக்கத்தில் மகள் தூங்குகிறாள், எழுப்பி என்ன சொல்வது? பெல் அடித்தேன். வந்த நைட் நர்ஸ் முப்பது வயதுகூட இருக்காது. சிரித்துக்கொண்டே, "கேஸ் வலிக்கா. லேப்ராஸ்கோப்பிக்கு, அதான் சின்னத் துளை போட்டுப் பண்றதுக்கு, வயித்துக்குள்ள கேஸ் அடைப்பாங்க. மிச்சம் இருக்கறது மேல வந்து தோள்ல வலிக்கும். ரெண்டு நாள்ல போயிடும்" என்றாள். தலையணையை மாற்றி வைத்து, வெந்நீர் கொடுத்து, விடிந்ததும் கையைப் பிடித்து வராண்டாவில் நடக்க வைத்தாள். அவளுக்கு ஐந்து. ஆனால் வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் வலிக்கும் என்பதை முந்தின நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கையெழுத்து வாங்க மூன்று பக்கம் இருக்கிறது. இதைச் சொல்ல ஒரு வரி இல்லை.

அடுத்த நாள் காலையில் சிறுநீர் டியூபை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்விதான். டிபன் கொண்டுவந்த பையனைத் தவிர, டியூட்டி டாக்டர், நர்ஸ், பெருக்க வந்தவர் என்று எல்லோரும்: "காத்து போச்சா?" மாமியார் முன்னால், மகன் முன்னால். போனபோது ஒரு மெடல் வாங்கின மாதிரி இருந்தது.

எங்க வீட்டுக்காரர் மூன்று நாளும் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. விஷயம் பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் அவரைத் தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டு, எடுத்ததை ஒரு ட்ரேயில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். எடுத்தோம் என்பதற்கு அத்தாட்சி. பல இடங்களில் இது வழக்கம்தானாம். மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஆனால் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தார். இருபது நாள் கழித்து, கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், "காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்தேன். பெரிய உருண்டைக் கத்தரிக்காய் மாதிரி, வெளிர் சிவப்பாக, ஒரு பக்கம் புடைத்து. அதன் பக்கத்தில் கையுறை போட்ட ஒரு விரல். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 380 கிராம் என்று இருந்தது, சாதாரணமாக நூறு கிராமுக்குள்தான் இருக்குமாம். என் இரண்டு பிள்ளைகளும் இருந்த இடம். அவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், உடம்புக்காரியான என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை, பார்க்கிறாயா என்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்துவிடச் சொன்னேன். அவர் அழிக்கவில்லை என்று சந்தேகம்.

பில் பற்றி. முதலில் சொன்னது 95,000, கடைசியில் வந்தது 1,21,400. எங்களுக்கு மூன்று லட்சத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு. பெரும்பாலான பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு இருக்கிறது, எங்களுக்கு மூன்று முடிந்திருந்ததால் தப்பித்தோம். மாட்டியது வேறிடத்தில். பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்கு 3,000 வரைதான். நாங்கள் எடுத்தது 3,500 ரூபாய் அறை. ஐந்நூறுதானே, கையிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அப்படி இல்லை. சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் வாடகை எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டினார்கள். கையுறை, பஞ்சு, ஏப்ரன் கணக்குத் தனியாக 9,460, அதுவும் கிடைக்காது. ஆகக் கூடி 25,000 சொச்சம் கையை விட்டுப் போனது. அறை எடுக்கும்போது கவுன்ட்டரில் இருந்தவருக்கு இது தெரியும். சொல்லவில்லை. காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் என்று சொல்லி, இன்சூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து ஒப்புதல் வந்தபோது மாலை ஆறரை. அதுவரை கட்டிலில் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் அதில் கேட்டுப் பாருங்கள். என் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் அரசு ஆஸ்பத்திரியில் செய்துகொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். கூட்டம் உண்டு, வாடகை அறைத் தொல்லை கிடையாது.

கேன்டீன் சாம்பார் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

தையலைப் பற்றி நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? வயிற்றில் நாலு துளை. மூன்று பிரமாதம், பட்டன்துளைகூட அவ்வளவு சுத்தமாக நான் போட்டதில்லை. நாலாவது, இடது பக்கம், கொஞ்சம் சுருங்கிவிட்டது, அவசரத்தில் வைத்த ஜிப் மாதிரி. உள்ளே போட்ட தையல் தானாகவே கரைந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் ஆரம்பிக்கும், அப்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'சாதாரண உணவு' என்று இருந்தது. அத்தை பூண்டுக் குழம்பும் கருவாடும் என்று பத்தியம் தொடங்கினார். வலி மாத்திரையும் இதுவும் சேர்ந்து நாலு நாள் வெளிக்குப் போகவில்லை. முக்கக் கூடாது, முக்கினால் உள்தையலுக்கு ஆபத்து. இசப்கோலும் பப்பாளியும் காப்பாற்றின. ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது. மூன்றாவது வாரம் மெஷினில் உட்கார்ந்து பார்த்தேன், அடிவயிறு கனத்தது, எழுந்துவிட்டேன். ஐந்தாவது வாரம் ஹூக் கட்டுவதும் ஹெம்மிங்கும் மட்டும்.

பன்னிரண்டாவது நாள் காரணமே இல்லாமல் அழுதேன். டிவியில் ஏதோ குக்கர் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பாத்ரூம் அலமாரியில் பிரிக்காத பெரிய சைஸ் நாப்கின் இரண்டு பாக்கெட் இருந்தது. அதை மகளிடம் கொடுத்தபோதும் ஒரு மாதிரி இருந்தது. வருத்தம் என்று சொல்ல முடியாது. பதினெட்டு வருடம் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரர் காலி பண்ணிக்கொண்டு போகிற மாதிரி.

இடுப்பளவு டேப் கையில் இருக்கும்போது மெதுவான குரலில் கேட்கிறார்களே, அதற்கும் பதில். வெயிட் போடுமா? எனக்கு இடுப்பு 37 இருந்தது, இப்போது 36. ஆறு வாரம் அசையாமல் தின்றால் யாருக்கும் போடும். கண் மங்குமா? எனக்கு ஊசியில் நூல் கோப்பது முன்பே கஷ்டம்தான், நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து. வயிற்றுக்குள் காலி இடம் இருக்குமா? அந்த இடத்தில் குடல் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். மாதாமாதம் எனக்கு இப்போதும் மார்பு கனக்கிறது, எரிச்சல் வருகிறது, ரத்தம் மட்டும் வருவதில்லை. சினைப்பை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "அப்புறம்... அதெல்லாம்?" என்று இழுப்பார்கள். சீட்டில் ஆங்கிலத்தில் ஆறு வாரம் தள்ளியிருக்கச் சொல்லி ஒரு வரி இருந்தது, வாயால் யாரும் சொல்லவில்லை. செக்கப்பில் நானே கேட்டேன். உள்தையல் ஆறியதைப் பரிசோதித்துவிட்டுச் சரி என்றார் டாக்டர். முதலில் பயம் இருந்தது. இப்போது, துண்டு விரிக்காமல் படுக்கையில் படுக்க முடிகிறது என்பதே பெரிய மாற்றம். மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, தொழில்காரியாக ஒன்று. ஆஸ்பத்திரிக்கு நாடா வைத்த பாவாடை கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோனேன். முடிச்சு சரியாகத் தொப்புள் துளையின் மேல் வந்து உட்கார்ந்தது, இருமினால் உயிர் போயிற்று. திரும்பி வந்ததும் எனக்கே நாலு பாவாடை தைத்துக்கொண்டேன். காட்டன், நாடாவுக்குப் பதில் அகல எலாஸ்டிக், தொப்புளுக்கு மேலே நாலு விரல் ஏறி நிற்கிற மாதிரி. முன்பக்கம் திறக்கிற நைட்டியும் இரண்டு வேண்டும். இதுவரை ஆறு பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். பாவாடை 220 ரூபாய், துணி என்னுடையது. ஃபால்ஸ் அடிக்க வந்த அந்தப் பெண்ணும் கேட்டார். ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாங்க, மகள் வீட்டில் இருப்பாள், படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பாவாடை தைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.